போர்ட்ஸ்மவுத்: மூன்று நாளில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கடுவையாறு (நாகப்பட்டினம்) கேட்டது:

வணக்கம். மகளுக்கு ஜூலையில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு. நான், வீட்டுக்காரம்மா, 71 வயதான அம்மா மூன்று பேரும் போகிறோம். விழா நாள் போக முழுசாக மூன்று நாள் கையில் இருக்கிறது. லண்டனைத் திரும்பும்போது பார்த்துக்கொள்வோம். இந்த ஊரை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார், செங்குத்துப் படி ஏறமாட்டார். சாப்பாடு சுத்த சைவம்.

பழைய கப்பல்கள் நாலைந்து நிறுத்தியிருக்கிறார்களாம். அம்மாவை வைத்துக்கொண்டு எதில் ஏறலாம், எதை வெளியிலிருந்து பார்த்தால் போதும்? மேரி ரோஸ் முதல் பயணத்திலேயே மூழ்கிய கப்பல், பாதிக் கட்டைதான் மிச்சம் என்கிறார்கள். அதற்கு அரை நாள் செலவழிப்பது சரிதானா?

இன்னொரு சந்தேகம், இது ஊர் சுற்றுவதற்காக இல்லை. நம்ம முகத்துவாரம் வருஷா வருஷம் தூர்ந்துபோய் விசைப்படகு தரைதட்டுகிறது. அங்கே மட்டும் ஐந்நூறு வருஷமாகப் போர்க்கப்பல் போய்வருகிறதே, அது எப்படி?

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

ஐயா, முதலில் ஊரின் அமைப்பு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் கிடக்கிற மாதிரி, போர்ட்ஸ்மவுத்தின் பெரும்பகுதி போர்ட்ஸீ என்ற தீவில் இருக்கிறது. ரயில் ஒரு சிறு ஓடையைத் தாண்டித்தான் உள்ளே நுழையும். இரண்டு லட்சம் பேர் அந்தச் சின்ன இடத்தில் நெருங்கி வாழ்கிறார்கள். மேற்கே துறைமுகம், தெற்கே சவுத்ஸீ கடற்கரை. நீங்கள் பார்க்கவேண்டியதெல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டு ஓரத்திலேயே வந்துவிடும்.

பலரும் தடுமாறுவது ரயில் நிலையத்தில். தீவுக்குள் 'போர்ட்ஸ்மவுத் அண்ட் சவுத்ஸீ' முன்னால் வரும், 'போர்ட்ஸ்மவுத் ஹார்பர்' கடைசியில். கப்பல் பார்க்கப் போகிறவர்கள் பெயரைப் பார்த்து முதலாவதிலேயே இறங்கிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறார்கள். கடைசி நிலையம் தண்ணீருக்கு மேல் தூண் நட்டுக் கட்டியது. இறங்கி வெளியே வந்தால் கப்பல் தளத்தின் வாசல் நாலு நிமிஷ நடை. ஆனால் பட்டமளிப்பு கில்டு ஹாலில் என்றால் முதல் நிலையத்தில்தான் இறங்க வேண்டும், மண்டபம் பக்கத்திலேயே. சில வண்டிகள் முதல் நிலையத்தோடு நின்றுவிடும். பலகையில் கடைசி ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஒன்றரை மணிக்குச் சற்று மேல் ஆகும். ஹீத்ரோவில் இறங்கி நேரே போவதாக இருந்தால் லண்டனுக்குள் நுழையவே வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வோக்கிங் என்ற ஊருக்கு 'ரெயில்ஏர்' பேருந்து இருக்கிறது, அங்கிருந்து ரயில். நீங்கள் மூன்று பெரியவர்கள் சேர்ந்து போவதால் 'குரூப்சேவ்' கேளுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்று முதல் ஒன்பது பேர்வரை கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்க வேண்டும், வண்டியில் ஏறிய பிறகு கிடைக்காது.

மூன்று நாளை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் முழுக்க ஹிஸ்டாரிக் டாக்யார்டு எனும் பழைய கப்பல் தளம். காலையில் கதவு திறந்ததும் மேரி ரோஸ், மதியத்துக்கு மேல் மற்றவை. இரண்டாம் நாள் பழைய ஊர், முகத்துவாரம், எதிர்க்கரைக் கோஸ்போர்ட்டுக்குப் போகும் படகு. மூன்றாம் நாள் சவுத்ஸீ: எட்டாம் ஹென்றி 1544இல் கட்டிய கோட்டை, அதன் அருகே டி-டே அருங்காட்சியகம். 1944 நார்மண்டி படையெடுப்பை 34 துணிகளில், மொத்தம் 83 மீட்டர் நீளத்துக்கு ஊசி வேலையில் சொல்லியிருக்கிறார்கள். கலம்காரியும் தையலும் தெரிந்த கண்ணுக்கு அந்தத் துணியே தனியாக ஒரு மணி நேரம் கேட்கும். அன்றைக்கே சார்லஸ் டிக்கன்ஸ் 1812இல் பிறந்த சின்ன வீட்டையும் பார்க்கலாம் என்று நினைத்தால், அது கோடையில் வார இறுதியை ஒட்டிய நாட்களில்தான் திறந்திருக்கும். கிழமையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்யார்டில் ஒரு கப்பலுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்தும் எடுக்கலாம். அம்மாவுக்கு மேரி ரோஸ் மட்டும், உங்கள் இருவருக்கும் சேர்ந்த டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தாலும் தவறில்லை. வாசலில் பை சோதனை உண்டு, பெரிய பெட்டியோடு போகாதீர்கள்.

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

கடுவையாறு அண்ணே, மேரி ரோஸ் முதல் பயணத்தில் மூழ்கியது என்பது தவறு. எத்தனை பேர் திருத்தினாலும் இந்தத் தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1511இல் வெள்ளோட்டம் விட்ட கப்பல் அது. 34 வருஷம் உழைத்துவிட்டு, 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கப்பல் படையோடு சண்டை நடக்கும்போது, கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போல மூழ்கியது. அரசன் எட்டாம் ஹென்றி சவுத்ஸீ கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது காற்றடித்துச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சன்னல்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறியது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். எதிரி ஆட்கள் தாவி ஏறாதபடி மேல்தளம் முழுக்கக் கயிற்று வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையே உள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை. ஏறக்குறைய 500 பேரில் 35 பேர்கூடத் தப்பவில்லை.

பாதிக் கட்டை என்கிறீர்களே, அந்தப் பாதி மிஞ்சியது எப்படி என்பதை டெல்டாக்காரன் அவசியம் பார்க்க வேண்டும். கப்பல் வலப்பக்கமாகச் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது. வண்டல் வந்து அந்தப் பக்கத்தை மூடியது. களிக்குள் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் மரத்தைத் துளைக்கும் கடல்புழுவுக்கும் வேலையில்லை, பூஞ்சைக்கும் வேலையில்லை. இடப்பக்கம் நீரோட்டத்திலும் புழுவிலும் கரைந்து போனது. வலப்பக்கம் 437 வருஷம் அப்படியே கிடந்தது. 1979 முதல் 82 வரை முக்குளிப்பவர்கள் 27 ஆயிரம் தடவைக்கு மேல் இறங்கி, உள்ளே இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, 1982 அக்டோபர் 11 அன்று மரக்கூட்டை இரும்புச் சட்டத்தோடு தூக்கினார்கள். தூக்கும்போது சட்டத்தைப் பூட்டியிருந்த ஓர் ஊசி நழுவி சட்டத்தின் ஒரு மூலை ஒரு மீட்டர்போல இறங்கிவிட்டது. நல்லவேளை, மரம் தாங்கியது.

தூக்கியதோடு வேலை முடியவில்லை. இத்தனை வருஷம் ஊறிய மரத்தில் கண்ணறைகளை (செல்களை) தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தண்ணீர் மட்டும்தான். அது உலர்ந்தால் வெயிலில் போட்ட வெண்டைக்காய் மாதிரி மரம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அதனால் 1994 வரை குளிர்ந்த தண்ணீரை விடாமல் தெளித்தார்கள். பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளைத் தண்ணீரில் கலந்து தெளித்தார்கள். முதலில் எடை குறைந்த வகை, அது மரத்தின் உள்ளே வரை போகும். அடுத்து எடை கூடிய வகை, அது மேற்பரப்பைக் கெட்டியாக்கும். 2013இல் தெளிப்பை நிறுத்தி உலர்த்தத் தொடங்கினார்கள். நீங்கள் போகும்போது கப்பலின் மேல் குழாய் எதுவும் இருக்காது.

அருங்காட்சியகத்தில் ஒரு பக்கம் கப்பல், எதிர்ப்பக்கம் அதே தளத்தில் அதே இடத்தில் கிடைத்த பொருட்கள். மொத்தம் 19,000 போல எடுத்தார்கள். மருத்துவரின் பெட்டியையும், பேன் சீப்புகளையும் கிட்டப் போய்ப் பாருங்கள். சீப்பின் பல்லிடுக்கில் ஈர் இன்னும் ஒட்டியிருக்கிறது. மிளகும் கிடைத்திருக்கிறது, மிளகு அரைக்கும் மரக் கருவியும் கிடைத்திருக்கிறது. ஐரோப்பா மண்ணில் விளையாத சாமான், 1545இல் அங்கே ஓர் ஆளின் கைப்பொருளாக இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு இதுதான் ஏற்ற இடம். மூன்று தளத்துக்கும் மின்தூக்கி உண்டு, தரை சமம், உட்கார இடம் உண்டு. மரத்துக்காக உள்ளே வெளிச்சத்தை மங்கலாகவும் காற்றைக் குளிர்ச்சியாகவும் வைத்திருப்பார்கள், ஒரு சால்வை கொண்டு போங்கள். மேல்தளத்தில் இரட்டைக் கதவு ஒன்றைக் கடந்தால் இடையில் கண்ணாடி இல்லாமல் கப்பலைப் பார்க்கலாம். கடைசியாக அங்கே போங்கள். குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெண்ணாறு (நீடாமங்கலம்) எழுதியது:

முகத்துவாரக் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

நாகையில் ஏற்ற வற்றம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவு. மேட்டூர் ஜனவரி 28இல் மூடிய பிறகு ஆற்றிலிருந்து தள்ளிவிடத் தண்ணீரும் கிடையாது. கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து வாயில் போட்டால் எடுத்துப்போக ஆளில்லை. அதனால்தான் தூர்வாரிக்கொண்டே இருக்கிறோம்.

போர்ட்ஸ்மவுத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்ற வற்றம் சுமார் 4 மீட்டர். உள்ளே அகன்ற குடா, வாய் மட்டும் 200 மீட்டர் போல. குப்பியின் கழுத்து மாதிரி. அதோடு அங்கே ஒரு விசேஷம்: தண்ணீர் உள்ளே ஏற ஏறக்குறைய ஏழு மணி நேரம், இறங்குவதற்கு ஐந்து மணி நேரம்தான். ஏழு மணியில் நிறைந்தது ஐந்து மணியில் அந்தக் கழுத்து வழியாக வெளியேறினால் வேகம் எப்படி இருக்கும் பாருங்கள். வருகிற வேகத்தைவிடப் போகிற வேகம் அதிகம் என்பதால் வண்டல் வெளியே தள்ளப்படுகிறது. கடல் தன் வாயைத் தானே கழுவிக்கொள்கிறது. புதிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்காகக் கால்வாயை வெட்டி ஆழப்படுத்தினார்கள் என்பதும் உண்மை. 280 மீட்டர் நீளக் கப்பலுக்கு இயற்கை கொடுத்த ஆழம் போதவில்லை. ஆனால் பாய்மரக் காலம் முழுக்க இந்த வற்றுநீர்தான் அந்தத் துறைமுகத்தைக் காப்பாற்றியது.

இதைக் கண்ணால் பார்க்க ரவுண்ட் டவர் போங்கள். 1418 வாக்கில் ஐந்தாம் ஹென்றி கட்டச் சொன்ன கோபுரம், கட்டணம் இல்லை. அங்கிருந்து எதிர்க்கரை கோஸ்போர்ட் வரை இரும்புச் சங்கிலி போட்டு எதிரிக் கப்பலைத் தடுத்தார்கள். மேலே ஏறப் படி உண்டு, அம்மா கீழே 'ஹாட் வால்ஸ்' எனும் பழைய கோட்டைச் சுவரின் வளைவுகளின் பக்கம் உட்காரலாம். வற்றம் ஓடும்போது பாருங்கள். சின்னப் படகெல்லாம் மேற்கு ஓரத்து ஒடுங்கிய பாதையில் ஒதுங்கி வரும், அது விதி. இன்ஜின் முழு வேகத்தில் ஓடும், படகு அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். பெரிய போர்க்கப்பல் எது எப்போது வருகிறது, போகிறது என்று துறைமுக அதிகாரி அலுவலகம் தினமும் இணையத்தில் போடுகிறது. முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

துறைமுகத்தைப் பார்க்கக் கட்டிய ஸ்பின்னக்கர் டவர் என்ற கோபுரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 170 மீட்டர், 2005இல் திறந்தது, 100 மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை, மின்தூக்கி உண்டு. வானம் தெளிவாக இருந்தால் மட்டும் எடுங்கள். மூடுபனி நாளில் அந்தக் காசு வீண். துறைமுகத்தை நீர்மட்டத்திலிருந்து பார்க்க ரயில் நிலையத்துப் பக்கத்திலேயே கோஸ்போர்ட் படகு இருக்கிறது. நாலைந்து நிமிஷப் பயணம், மிகக் குறைந்த கட்டணம். படகின் மேல்தட்டில் நின்றால் பழைய கப்பலையும் இன்றைய போர்க்கப்பலையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

நாகைக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். 1746, 1758, 1782 என மூன்று தடவை உங்கள் ஊர்க் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியிருக்கிறார்கள். 1782 ஜூலை 6 சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் எட்வர்டு ஹியூஸ், பிரெஞ்சுப் பக்கம் சுஃப்ரன். நடுச்சண்டையில் காற்று திசை மாறி இரண்டு வரிசையும் கலைந்தது, நாகையைப் பிடிக்கும் சுஃப்ரனின் எண்ணம் நிறைவேறவில்லை. அங்கே விக்டரி கப்பலைப் பார்க்கும்போது, வேளாங்கண்ணிக் கரையிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அதே காலத்துக் கப்பல்கள் வரிசைகட்டி நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடுவையாறு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விக்டரியில் அம்மா ஏற முடியுமா? அது மிதக்கிறதா, கரையில் நிற்கிறதா? இப்போது பழுதுபார்ப்பு நடக்கிறது, ஒன்றும் தெரியாது என்று ஒருவர் சொன்னார்.

ஓடம்போக்கி (திருவாரூர்) எழுதியது:

விக்டரி மிதக்கவில்லை. 1922 முதல் உலர்துறையில், அதாவது தண்ணீரை வெளியேற்றிய கப்பல் பள்ளத்தில், நிற்கிறது. 1765இல் வெள்ளோட்டம், 104 பீரங்கி, 1805 அக்டோபர் 21 டிராஃபல்கர் கடற்சண்டையில் ஆங்கிலக் கப்பல் படைத் தலைவர் நெல்சன் சுடப்பட்டு இறந்தது இதில்தான். அவர் விழுந்த இடத்தில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். உயிர் பிரிந்தது கீழே, நீர்மட்டத்துக்கும் கீழான தளத்தில். அந்தத் தளத்துக்கு இறங்கும் ஏணி கிட்டத்தட்ட நேர்க்குத்து, உத்தரமும் தாழ்வு. உயரமானவர் குனிந்தே நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் வேண்டாம். அதே நெல்சன் 15 வயதுப் பையனாக 1774இல் சென்னைக்கு வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

பழுதுபார்ப்பு நடக்கிறது, உண்மை. சாரம் கட்டி மூடிய கூடாரத்துக்குள் கப்பல் நிற்பதால் பாய்மரத்தோடு முழு உருவத்தைப் படம் எடுக்க முடியாது. அதற்காக விட்டுவிடாதீர்கள், மர வேலை தெரிந்தவனுக்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஓக் மரத்தைக் கெடுத்தது உப்புத்தண்ணீர் இல்லை, மழைத்தண்ணீர். பலகைகளின் இடுக்கில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தங்கி, பூஞ்சை பிடித்து, அந்த மெத்தென்ற மரத்தில் வண்டு முட்டையிடுகிறது. மழையில் நிற்கும் தேரில் மேலே வண்ணம் பளபளக்க, பொருத்துவாய் உள்ளே உளுத்துப்போகுமே, அதே கதை. உளுத்த வெளிப்பலகையைக் கழற்றி, உள்ளே விலா எலும்புபோல் இருக்கும் சட்டங்களைப் பார்த்து, புது ஓக் வைத்துப் பொருத்துகிறார்கள். அடியில் போய்ப் பார்த்தால் கப்பலைத் தாங்கும் 134 எஃகுத் தூண்கள் தெரியும். எந்தத் தூணில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதைக் காட்டும் கருவி பொருத்தியிருக்கிறார்கள்.

வளாகத்தின் இன்னொரு கப்பலான வாரியர் தண்ணீரில்தான் நிற்கிறது. 1860இல் வெள்ளோட்டம் விட்ட இரும்புக் கப்பல். நாலரை அங்குல இரும்புத் தகடு, அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. குண்டு பட்டால் அதிர்ச்சியை வாங்குவது தேக்கின் வேலை. ஒரு சண்டையும் போடாமல் ஓய்ந்து, பிறகு ஐம்பது வருஷம் எண்ணெய் நிரப்பும் மேடையாகக் கிடந்து, மீட்கப்பட்ட கப்பல். உள்ளே இதிலும் ஏணிதான். அம்மாவைக் கரையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் இருவரும் போய்வரலாம்.

யாரும் எழுதாத ஒன்று: கப்பி. நம்ம கிணற்றடிக் கப்பியேதான். ஒரு பெரிய போர்க்கப்பலின் பாய்க்கயிறுகளுக்கு ஆயிரம் கப்பிபோல வேண்டும், கடற்படை முழுவதற்கும் வருஷத்துக்கு ஒரு லட்சம். 1803 முதல் மார்க் பிரூனல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லி செய்துகொடுத்த இயந்திரங்களை வைத்து இந்தக் கப்பல் தளத்திலேயே செய்தார்கள். கப்பியின் வெளிக்கூடு எல்ம் மரம், உள்ளே சுழலும் உருளை லிக்னம் விட்டே என்ற இரும்புபோல் கெட்டியான மரம். ஓர் இயந்திரம் துளை போட, ஒன்று பிளவு வெட்ட, ஒன்று விளிம்பைச் செதுக்க என்று ஒரு வேலைக்கு ஒன்று. 110 பேர் செய்ததைப் பத்துப் பேர் செய்தார்கள். 1808இல் ஒரே வருஷத்தில் 1,30,000 கப்பி. உலோக இயந்திரங்களால் மொத்த உற்பத்தி தொடங்கிய இடங்களில் இது முன்னோடி. அந்தக் காலத் தொழிலாளர் கருவிகளுக்கென்று வளாகத்துக்குள்ளேயே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. கூட்டம் இருக்காது, தவறவிடாதீர்கள்.

அரசலாறு:

சாப்பாடும் உடையும் விட்டுப்போனது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் கொண்டு போகலாம். நெய், பால்கோவா, திரட்டுப்பால் வேண்டாம், இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுபோக அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலையையும் சான்று இல்லாமல் விடமாட்டார்கள், காய வைத்துப் பொடித்துப் பொடியோடு கலந்துவிடுங்கள். சமையலறையோடு கூடிய அறை எடுத்தால் அம்மாவுக்குச் சிக்கல் இல்லை. வெளியே சாப்பிட ஆல்பர்ட் ரோடு பக்கம் இந்திய உணவகங்கள் உண்டு. "வெஜிடேரியன்" என்பதோடு நிறுத்தாமல் முட்டையும் மீனும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜூலையிலும் கடற்காற்று பலமாக அடிக்கும், குடை திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி. சவுத்ஸீ கடற்கரை மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். செருப்போடு அம்மா இறங்கினால் கணுக்கால் பிசகும். மேலே நடைபாதை சமமாக ரொம்ப தூரம் போகிறது, அதுவே போதும். அங்கிருந்து வைட் தீவுக்குக் காற்று மெத்தையில் ஓடும் ஹோவர்கிராஃப்ட் பத்து நிமிஷத்தில் போகிறது. அது தண்ணீரிலிருந்து கரைக்கே ஏறி வருவதை அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

வெண்ணாறு:

ஒன்று மறந்துவிட்டேன். வற்றம் பார்க்கப் போகும் நாளைக் குறிக்கும்போது ஏற்ற வற்ற அட்டவணையின் தலைப்பைப் பாருங்கள். கிரீன்விச் நேரம் என்று போட்டிருந்தால் ஜூலையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். நீரேற்றம் முடிந்து இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து ரவுண்ட் டவரில் நின்றால் ஓட்டம் நல்ல வேகத்தில் இருக்கும்.